டிவிடி டிரைவ் ஏன் இழுக்கிறது? பழைய மேசைக் கணினிகளின் பரிமாற்ற முறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் நம்மவர் வீடுகளில் 2000களில் எடுத்த திருமண விசிடிகளும், தீமிதிப் பதிவுகளும், பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழா டிவிடிகளும் இன்னும் அலமாரியில் அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றைக் கைப்பேசியில் பார்க்கும்படி மாற்றிக்கொள்ள விரும்புவோர், புதிய மடிக்கணினியில் டிஸ்க் போட இடமே இல்லாததால், பாம் ஷெல்டரில் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்த பழைய மேசைக் கணினியை வெளியே எடுக்கிறார்கள். எடுத்த கையோடு, "இது ஏன் இப்படி இழுக்கிறது?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. அண்டை வீட்டாரும் உறவினரும் சமூக மன்றத்தில் பழகியவர்களும் என்னிடம் கேட்டவற்றை, அவரவர் சொன்ன வாக்கிலேயே கீழே தந்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகியவை ஓடும் கணினிகளைப் பற்றியே பேசுகிறேன். மற்றவற்றுக்கு உரிய இடத்தில் குறிப்பு உண்டு.

டிவிடி போட்டா கம்ப்யூட்டரே மந்தமாயிடுது அண்ணே, மவுஸ் கூட விட்டு விட்டுத்தான் நகருது. கம்ப்யூட்டர் ரொம்பப் பழசாயிடுச்சா?

வயது காரணமாக இருக்கலாம். ஆனால் டிஸ்க் போட்டால் மட்டும் மந்தமாகி, டிஸ்க்கை வெளியே எடுத்தவுடன் சரியாகிவிடுகிறது என்றால், டிரைவிலிருந்து தரவு நினைவகத்துக்குப் போய்ச் சேரும் முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பிஐஓ, இதில் டிரைவ் தரும் தரவை பிராசஸரே ஒவ்வொரு தடவையும் இரண்டு இரண்டு பைட்டாக எடுத்து நினைவகத்தில் வைக்கிறது. மற்றொன்று டிஎம்ஏ, இதில் பிராசஸர் ஆணையை மட்டும் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும், தரவை நினைவகத்தில் சேர்ப்பதைக் கண்ட்ரோலர் சிப் கவனித்துக்கொள்ளும்.

தேக்கா சந்தையில் ஒரு கடைக்காரர் லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு காய்கறிக் கூடையையும் தாமே சுமந்து வந்தால் கல்லாவில் நிற்கும் வாடிக்கையாளர் காத்திருக்கத்தான் வேண்டும். பிஐஓ முறையில் நடப்பதும் அதுவே. சிடியின் ஒரு செக்டரில் 2048 பைட் தரவு இருக்கிறது; அதை எடுக்க பிராசஸர் 1024 முறை கை நீட்ட வேண்டும். மவுஸ் விட்டு விட்டு நகர்வதற்கும் பாட்டு திக்குவதற்கும் இதுதான் காரணம்.

பிஐஓ, டிஎம்ஏ, அல்ட்ரா டிஎம்ஏ, மல்டிவேர்டுன்னு என்னென்னவோ காட்டுது. எது எவ்வளவு வேகம்?

பிஐஓவில் 0 முதல் 4 வரை ஐந்து படிகள் உள்ளன. அடிமட்டப் படியான 0, வினாடிக்கு 3.3 மெகாபைட்; உச்சப் படியான 4, வினாடிக்கு 16.7 மெகாபைட். டிஎம்ஏவின் பழைய வகையான மல்டிவேர்டு டிஎம்ஏவின் உச்சமான 2ஆம் படியும் அதே 16.7 மெகாபைட்தான், வேகம் ஒன்றே ஆனாலும் பிராசஸர் சுமை சுமக்கவில்லை என்பதே வேறுபாடு. அதற்குப் பிந்தைய வகையான அல்ட்ரா டிஎம்ஏ, 1998இல் வந்த ஏடிஏ-4 என்னும் டிரைவ் இணைப்புத் தரத்தோடு நிலைபெற்றது. அதில் 2ஆம் படி 33 மெகாபைட், 4ஆம் படி 66, 5ஆம் படி 100, 6ஆம் படி 133.

பழைய ஐடிஈ வகை (அகலமான பட்டைக் கேபிளில் இணையும்) டிவிடி டிரைவ்களில் அல்ட்ரா டிஎம்ஏ 2 அல்லது 4 என்று காட்டினால் அதுவே ஆரோக்கியமான நிலை. உங்கள் ஹார்ட் டிஸ்க் 5 என்று காட்டும்போது டிவிடி டிரைவ் 2 என்று காட்டுவதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். டிரைவின் தேவைக்கு அது தாராளம்.

இந்த எண்கள் எல்லாம் ஏட்டுக் கணக்கின் உச்சம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிஐஓவில், பிராசஸருக்கு வேறு வேலையும் இருப்பதால், நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

டிரைவ் மேல 52எக்ஸ், 16எக்ஸ்னு போட்டிருக்கு. அப்படின்னா எவ்வளவு நேரத்துல காப்பி ஆகணும்?

சிடியில் 1எக்ஸ் என்பது வினாடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் 1எக்ஸ் என்பது சுமார் 1385 கிலோபைட். ஆகவே சிடிக்கு 52எக்ஸ் என்பது 7.8 மெகாபைட்; டிவிடிக்கு 16எக்ஸ் என்பது ஏறத்தாழ 22 மெகாபைட். எண்ணில் சிறியதாக இருந்தாலும் டிவிடியின் 16எக்ஸ் மூன்று மடங்கு வேகமானது. பிஐஓவின் உச்சமான 16.7 மெகாபைட்டுக்குள் அது அடங்காது என்பதையும் கவனியுங்கள்.

இந்த உச்ச வேகம் டிஸ்க்கின் வெளி விளிம்பில் மட்டுமே கிடைக்கும். டிஸ்க் ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றும்போது, உள்வட்டத்தைவிட வெளிவட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு லென்சைக் கடந்து போகிறது. தரவு எழுதப்படுவதோ உள்ளிருந்து வெளியே. ஆகவே காப்பி தொடங்கும்போது உச்சத்தில் பாதிக்கும் குறைவான வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது இயல்பு; அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

நல்ல நிலையில் உள்ள 16எக்ஸ் டிரைவ், 4.7 ஜிகாபைட் நிறைந்த டிவிடியை ஆறு நிமிட அளவில் படித்து முடித்துவிடும். அதே டிரைவ் பிஐஓ 0க்கு இறங்கிவிட்டால், ஏட்டுக் கணக்கிலேயே 24 நிமிடம். சிடியில் இந்த இடைவெளி அவ்வளவு தெரியாது; 700 மெகாபைட்டை 3.3 மெகாபைட் வேகத்தில் எடுத்தாலும் மூன்றரை நிமிடம்தான். ஆகவே "சிடி நல்லாத்தானே படிக்குது" என்பதை வைத்து டிரைவ் சரியான முறையில் ஓடுகிறது என்று முடிவு கட்டக் கூடாது.

படம் பார்க்கிறதுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லையே, அப்புறம் ஏன் படம் திக்குது?

மிகச் சரியான கேள்வி. டிவிடி திரைப்படம் கேட்கும் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 10 மெகாபிட், அதாவது ஒன்றேகால் மெகாபைட். பிஐஓ 0 கூட அதைக் கொடுத்துவிடும். ஆனால் படத்தை விரித்துத் திரையில் காட்டும் வேலையும் அதே பிராசஸருக்குத்தான். தரவைச் சுமக்கும் வேலையிலேயே அதன் நேரம் கரைந்துவிட்டால், படத்தை விரிக்க நேரம் இருக்காது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. எக்ஸ்பியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் வியூ பட்டியலில் உள்ள ஷோ கெர்னல் டைம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பச்சைக் கோட்டுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு தோன்றும். டிவிடியிலிருந்து ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்யும்போது சிவப்புக் கோடு பச்சைக் கோட்டை ஒட்டியே மேலே ஏறி நின்றால், டிரைவ் பிஐஓவில் ஓடுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் எந்த நிரலும் அவ்வளவு வேலை செய்வதாகத் தெரியாது; அதனால்தான் பலரும் வைரஸ் என்று சந்தேகித்து, தேவையில்லாமல் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள்.

எந்த முறையில ஓடுதுன்னு எங்கே போய்ப் பார்க்கிறது?

எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டர் மீது வலப்பக்கம் சொடுக்கி, ப்ராப்பர்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர் என்று செல்லுங்கள். அங்கே ஐடிஈ ஏடிஏ கண்ட்ரோலர்கள் என்ற பிரிவை விரித்தால் பிரைமரி ஐடிஈ சேனல், செகண்டரி ஐடிஈ சேனல் என்று இரண்டு இருக்கும். ஒரு சேனல் என்பது ஒரு கேபிளின் வழி. டிவிடி டிரைவ் பெரும்பாலும் செகண்டரியில் இருக்கும். அதை இருமுறை சொடுக்கி, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் மோட் என்பது நீங்கள் கேட்பது. அதன் கீழே உள்ள கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட் என்பதுதான் உண்மையில் நடப்பது.

விண்டோஸ் 7இல் அதே டிவைஸ் மேனேஜரில் ஏடிஏ சேனல் 0, ஏடிஏ சேனல் 1 என்று காட்டும். உள்ளே எனேபிள் டிஎம்ஏ என்ற கட்டமும், நடப்பு முறையும் இருக்கும். அப்படி ஒரு சேனலே கண்ணில் படாமல் ஏஹெச்சிஐ (சாட்டா டிரைவ்களுக்கான புதிய முறை) கண்ட்ரோலர் என்று மட்டும் இருந்தால், கீழே சாட்டா டிரைவ் பற்றிய கேள்விக்குச் செல்லுங்கள்.

மேலே 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்'னு தான் இருக்கு. ஆனா கீழே பிஐஓ மோட்னு காட்டுது. எதை நம்புறது?

கீழே உள்ளதை நம்புங்கள். நீங்கள் டிஎம்ஏ கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் கொடுக்க மறுத்துவிட்டது. அது வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதிக் குழப்பமெல்லாம் தீர்ந்துவிடும்.

அல்ட்ரா டிஎம்ஏவில் கேபிள் வழியாகப் போகும் தரவு பழுதின்றிச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு பரிமாற்றத்தின் முடிவிலும் சிஆர்சி என்னும் சரிபார்ப்பு நடக்கும். அது பொருந்தாமல் போனாலோ, டிரைவ் உரிய நேரத்துக்குள் பதில் சொல்லாமல் போனாலோ, விண்டோஸ் அதைப் பிழையாகக் குறித்துக்கொள்ளும். எக்ஸ்பியில் இத்தகைய பிழைகள் ஆறைத் தாண்டினால், "இந்த வேகம் இந்தச் சாதனத்துக்கு ஒத்துவரவில்லை" என்று கருதி, முடிந்தவரை ஒவ்வொரு படியாக இறக்கும். பிழை தொடர்ந்தால் கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நோக்கம் நல்லதே: மெதுவாகவாவது தரவு பழுதில்லாமல் வரட்டும் என்பதுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று வந்தாலும் கணக்கில் சேரும். இடையில் ஆயிரக்கணக்கான பரிமாற்றங்கள் நன்றாக நடந்தாலும் அது பூச்சியத்துக்குத் திரும்பாது. இறங்கிய படியிலிருந்து தானாக மேலே ஏறவும் செய்யாது. நீங்கள் பட்டியலில் டிஎம்ஏவை எத்தனை முறை தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை. பிற்காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் கொடுத்தது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்) ஒரு மதிப்பைச் சேர்த்தால், நன்றாக நடந்த பரிமாற்றத்துக்குப் பின் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். ஆனால் அந்த மதிப்பு இயல்பாக இருக்காது, நாமே சேர்க்க வேண்டும்.

சரி, பழைய வேகத்துக்கு எப்படிக் கொண்டுவர்றது? ரெஜிஸ்ட்ரியில எல்லாம் கை வைக்கணுமா?

வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரில் டிவிடி டிரைவ் இருக்கும் சேனலின் மீது வலப்பக்கம் சொடுக்கி, அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் அந்தச் சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய பிழைக் கணக்கை மறந்து, டிரைவ் தாங்கக்கூடிய உச்சப் படியிலிருந்து மறுபடி தொடங்கும். சில சமயம் இரண்டாவது முறையும் மறுதொடக்கம் கேட்கும், கொடுத்துவிடுங்கள். நீக்குவது டிரைவை அல்ல, சேனலை. பலர் டிவிடி டிரைவின் பெயர்மீது அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டு எதுவும் மாறவில்லை என்று வருந்துகிறார்கள்.

இப்படிச் செய்தும் மாறவில்லை என்றால்தான் ரெஜிஸ்ட்ரி. அங்கே அந்தச் சேனலுக்குரிய பகுதியில் மாஸ்டர் ஐடி டேட்டா செக்சம், ஸ்லேவ் ஐடி டேட்டா செக்சம் என்று இரு பதிவுகள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ் சாதனத்தை முதலிலிருந்து அளந்து பார்க்கும். ரெஜிஸ்ட்ரியை முன்பின் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. மறக்காமல் பயோஸையும் (கணினி எழும்போது, விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) பாருங்கள். அங்கேயே அந்தச் சேனலுக்கு டிஎம்ஏ முடக்கப்பட்டிருந்தால் விண்டோஸில் என்ன செய்தாலும் பலனிராது.

நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், நல்லா ஓடிச்சு. கொஞ்ச நாள்ல மறுபடியும் பிஐஓ. ஏன் சார்?

ஏனென்றால் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் இறக்கியிருக்கிறோம். மேலே சொன்ன பிழைகள் எங்கோ இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்: பிஐஓ என்பது விளைவு, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சேனலை நீக்கி நீக்கிச் சேர்ப்பது வீண் வேலை.

முதல் சந்தேகம் கேபிள். கணினியை அணைத்து, சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்து, பக்கத் தகட்டைத் திறந்து, டிரைவின் பின்புறத்திலிருந்து வரும் பட்டைக் கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் 40 கம்பிகள். கம்பிகள் தடிப்பாக, ஒவ்வொன்றாக எண்ணும்படி இருக்கும். புதிய வகையில் 80 கம்பிகள். முடிபோல மெல்லியதாக, நெருக்கமாக, தொட்டால் வழவழப்பாக இருக்கும். இரண்டின் முனையிலும் 40 துளைகள்தான் என்பதால் முனையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூடுதலாக உள்ள 40 கம்பிகளும் தரைக் கம்பிகள். ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் அடுத்து ஒன்றாக ஓடி, ஒன்றின் சலசலப்பு மற்றொன்றைக் கெடுக்காமல் காக்கின்றன. அல்ட்ரா டிஎம்ஏ 2க்கு மேற்பட்ட படிகளுக்கு 80 கம்பிக் கேபிள் கட்டாயம். 2ஆம் படிக்குக் கட்டாயமில்லை என்றாலும், பிழை வரும் கணினியில் அதையே போடுவது புத்திசாலித்தனம்.

80 கம்பிக் கேபிளில் முனைகளுக்கு நிறம் உண்டு: நீலம் மதர்போர்டுக்கு, கறுப்பு கடைசியில் உள்ள மாஸ்டருக்கு (முதல் டிரைவ்), நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). ஒரே ஒரு டிரைவ்தான் என்றால் கறுப்பு முனையில் மாட்டுங்கள். நடுமுனையில் மாட்டிவிட்டுக் கடைசி முனையைச் சும்மா தொங்கவிட்டால் சமிக்ஞை அங்கே போய் மோதித் திரும்பி வந்து பிழையை உண்டாக்கும். நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது தரம். உயரமான கேஸின் உச்சியில் டிரைவ் இருப்பதால் நீளக் கேபிள் வாங்கிப் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேஸின் தகட்டு விளிம்பில் மடிந்து தழும்பு விழுந்த கேபிளை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேபிள் நன்றாக இருந்தாலும், நம் ஊர் ஈரப்பதத்தில் பல ஆண்டுகள் அசையாமல் இருந்த முனைகளில் மெல்லிய படலம் படிந்திருக்கும். இரு முனைகளையும் நேராகப் பிடித்துக் கழற்றி மறுபடி மாட்டினாலே பல கணினிகள் சரியாகிவிடுகின்றன. கேபிளைப் பிடித்து இழுக்காமல் முனையின் பிளாஸ்டிக்கைப் பிடித்து எடுங்கள்.

அந்த 80 கம்பிக் கேபிள் இப்ப எங்கே கிடைக்கும்?

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்தவரை அங்கே எளிதாகக் கிடைத்தது. அது 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. இப்போது சிம் லிம் ஸ்குவேரின் மேல்தளங்களில் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், அல்லது இணையத்தில் பழைய பொருள் விற்பவர்களிடம் வாங்கலாம். யாராவது பழைய கணினியைத் தூக்கிப் போடும்போது கேபிளை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

கேபிள் மாத்தியாச்சு. எங்க அக்கா கல்யாண டிவிடி ஒண்ணைப் போட்டா மட்டும்தான் பிரச்சினை. இது என்ன கதை?

அப்படியானால் பிழையின் ஊற்று அந்த டிஸ்க். கீறலோ படலமோ உள்ள இடத்தை லென்ஸ் கடக்கும்போது, டிரைவ் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதற்குள் விண்டோஸ் காத்திருக்கும் நேரம் முடிந்துவிடும். அது பிழைக் கணக்கில் ஒன்று. மோசமான ஒரு டிஸ்க்கே ஆறு பிழையையும் ஒரே மாலையில் சேர்த்துவிடும். அதன் பிறகு நல்ல டிஸ்க் போட்டாலும் டிரைவ் இழுக்கும், ஏனென்றால் இறங்கிய படி இறங்கியதுதான். எனவே பழுதான டிஸ்க்கோடு மல்லுக்கட்டிய பிறகெல்லாம் நடப்பு முறையைப் பார்த்து, தேவையானால் சேனலை ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவின் போக்கிலேயே அமைந்து அதிகம் கெடுக்கும். மணமக்கள் படம் அச்சிட்ட காகித ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்குகள் தனித் தொல்லை. பசை காய்ந்து ஒரு பக்கம் உப்பினால் டிஸ்க் சமநிலை இழந்து, வேகமாகச் சுற்றும்போது அதிரும். உரிக்க முயலாதீர்கள், தரவுப் படலமும் சேர்ந்து வந்துவிடலாம். சாதாரணக் காப்பியில் ஒரு இடத்தில் சிக்கினால் முழுக் கோப்பும் போய்விடும். டிடிரெஸ்க்யூ போன்ற மீட்பு நிரல் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பழுதான இடத்துக்குத் திரும்பி வரும். ஒரு டிரைவ் படிக்காததை வேறொரு டிரைவ் படித்துவிடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

ஹார்ட் டிஸ்க்கும் டிவிடி டிரைவும் ஒரே கேபிள்ல இருக்கு. மெதுவான டிரைவ் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துடுமா?

மிகப் பழைய கண்ட்ரோலர்களில் அப்படி நடந்தது. அந்த நினைவுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது. பிறகு வந்த கண்ட்ரோலர்கள் ஒரே கேபிளில் உள்ள இரு சாதனங்களுக்கும் தனித்தனி வேகம் வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும். டிவிடியிலிருந்து எடுத்து அதே கேபிளில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் இரண்டும் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு சேனல்கள் இருந்தால் பிரித்து மாட்டுங்கள். இரண்டின் ஜம்பரும் (டிரைவின் பின்புறத்திலுள்ள சிறு செருகி) மாஸ்டர் என்றோ இரண்டும் ஸ்லேவ் என்றோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் டிரைவ் சாட்டா அங்கிள், சின்னக் கேபிள். எனக்கு இந்தத் தொல்லை வராதுதானே?

குறைவாக வரும், வராது என்று சொல்ல முடியாது. ஐடிஈக்குப் பின் வந்த இணைப்பு முறையான சாட்டாவின் முதல் தலைமுறையே வினாடிக்கு 150 மெகாபைட் கொண்டது. ஆனால் பயோஸில் சாட்டா முறை ஐடிஈ என்று அமைக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் அந்த டிரைவைப் பழைய ஐடிஈ சாதனமாகவே நடத்தும். பிழைக் கணக்கு, படி இறக்கம், பிஐஓ எல்லாம் அதற்கும் பொருந்தும். தீர்வும் மேலே சொன்னதேதான். ஏஹெச்சிஐ முறையில் இந்தப் பிஐஓ இறக்கம் இல்லை.

அதற்காகப் பயோஸில் சட்டென்று ஏஹெச்சிஐக்கு மாற்றிவிடாதீர்கள். எக்ஸ்பியில் அதற்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) உள்ளமைந்து வராததால் அடுத்த தொடக்கத்திலேயே நீலத்திரை வரும். விண்டோஸ் 7இல் டிரைவர் உண்டு, ஆனால் ஐடிஈ முறையில் நிறுவியிருந்தால் அது தூங்கிக்கொண்டிருக்கும். முதலில் ரெஜிஸ்ட்ரியில் அதை எழுப்பிவிட்டுத்தான் பயோஸைத் தொட வேண்டும். நீலத்திரை வந்துவிட்டால் பதறாமல் பயோஸில் பழைய நிலைக்கே திருப்பினால் கணினி வழக்கம்போல் எழுந்துவிடும். டிவிடி டிரைவுக்காக மட்டும் இந்த மாற்றத்தைச் செய்வது தேவையற்றது என்பது என் கருத்து.

இன்னொரு நுணுக்கம்: 2006இல் வந்த இன்டெல் ஐசிஹெச்8 சிப்பில் ஐடிஈ இணைப்பு நீக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய பல மதர்போர்டுகளில் உள்ள ஒற்றை ஐடிஈ இணைப்பு, தனியாக ஒட்டவைத்த வேறொரு சிப்பிலிருந்து வருவது. அதற்கென்று தனி டிரைவர் தேவைப்படலாம். டிரைவ் பிஐஓவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த டிரைவரைப் புதுப்பித்தோ, நீக்கி மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரைப் போட்டோ பாருங்கள்.

டிஎம்ஏதான் காட்டுது, கேபிளும் நல்லாயிருக்கு. ஆனாலும் கடையில வாங்கின பட டிவிடி மட்டும் மெதுவாத்தான் படிக்குது.

சில டிரைவ்களில், திரைப்பட டிவிடி என்று தெரிந்தால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி ஃபர்ம்வேரிலேயே (டிரைவுக்குள் பதிந்துள்ள நிரல்) எழுதியிருப்பார்கள். படம் பார்க்கும்போது டிரைவ் இரையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நீங்களே எழுதிய தரவு டிவிடி ஒன்றைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அது வேகமாக வந்தால் பரிமாற்ற முறையில் குறை இல்லை. 16எக்ஸ் பற்றிய பதிலில் சொன்னபடி தொடக்க வேகமும் குறைவாகத்தான் இருக்கும். வைரஸ் தடுப்பு நிரல் ஒவ்வொரு கோப்பையும் சோதிப்பதும் சில கணினிகளில் காரணமாகிறது.

டிவிடி எழுதும்போது பாதியில நின்னு நின்னு எழுதுது. இதுவும் அதனாலதானா?

பெரும்பாலும் ஆம். 8எக்ஸில் எழுத வினாடிக்கு 11 மெகாபைட் இடைவிடாமல் டிரைவுக்குப் போய்ச் சேர வேண்டும். பிஐஓவில் அது தடுமாறும். டிரைவின் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) காலியாகும். இந்நிலையில் பழைய டிரைவ்கள் டிஸ்க்கையே பாழாக்கிவிடும். 2000க்குப் பிறகு பரவிய பாதுகாப்பு நுட்பத்தால் இப்போதைய டிரைவ்கள் எழுதுவதை நிறுத்தி, தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. முறையைச் சரிசெய்யும் வரை 4எக்ஸில் எழுதுங்கள்.

நான் உபுண்டு போட்டிருக்கேன். அதுல எப்படிப் பார்க்கிறது?

கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்து, டிரைவ் எந்த யூடிஎம்ஏ படியில் அமைக்கப்பட்டது என்ற வரியைத் தேடுங்கள். யூடிஎம்ஏ/33 என்று இருந்தால் சரி. வேகத்தைக் குறைப்பதாகச் சொல்லும் வரி பின்னால் வந்திருந்தால், உபுண்டுவின் அடித்தளமான லினக்சும் பிழை கண்டு இறக்கியிருக்கிறது என்று பொருள். ஹெச்டிபார்ம் கட்டளையால் டிஎம்ஏவை இயக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இப்போதைய கெர்னல்களில் வேலை செய்யாது. அவை பழைய ஐடிஈ டிரைவருக்கு உரியவை. லினக்ஸ் சிடியால் தொடங்கிப் பார்ப்பது எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கும் நல்ல சோதனை: அங்கேயும் பிழை வந்தால் குற்றவாளி விண்டோஸ் அல்ல, கேபிளோ டிரைவோதான்.

இவ்வளவு பாடு எதுக்கு? யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கிட்டாப் போகுதே?

டிஸ்க்குகளை மாற்றிக்கொள்வது மட்டுமே நோக்கம் என்றால், ஆம், புதிய கணினியில் யூஎஸ்பி டிரைவை மாட்டுவதே எளிய வழி. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டதால் அதை இணையத்தோடு இணைக்காமல் இருப்பதே நல்லது என்பதும் இதற்குச் சாதகமான காரணம். ஆனால் யூஎஸ்பி டிரைவைப் பழைய கணினியிலேயே மாட்டப் போகிறீர்கள் என்றால், அந்தக் கணினியின் துளை யூஎஸ்பி 2.0தானா என்று பாருங்கள். யூஎஸ்பி 1.1இன் உச்சம் 12 மெகாபிட். நடைமுறையில் வினாடிக்கு ஒரு மெகாபைட் அளவு, டிவிடியின் 1எக்ஸுக்கே போதாது. டிரைவ் சுழலத் தொடங்கிப் பின் நின்றுவிட்டால் மின்சாரம் போதவில்லை. முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, மதர்போர்டில் நேரடியாக உள்ள பின்பக்கத் துளையில் மாட்டுங்கள்.

பழைய கணினியைக் கழிக்க முடிவு செய்தால் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மின்கழிவுத் திட்டம் 2021 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளது. பெரிய மின்னணுப் பொருள் கடைகள் கடைக்குள்ளேயே பெற்றுக்கொள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

சேனலை நீக்கிச் சேர்த்தேன். இப்ப பிஐஓ போயிடுச்சு, ஆனா அல்ட்ரா வரலை. மல்டிவேர்டு டிஎம்ஏ 2ன்னு நிக்குது. இதையும் சரிபண்ணணுமா?

டிரைவின் வயதைப் பாருங்கள். பழைய சிடி டிரைவ்கள் பலவற்றின் உச்சமே அதுதான். அவற்றிடம் அதற்கு மேல் கேட்பதற்கில்லை. 52எக்ஸ் சிடிக்குத் தேவையான 7.8 மெகாபைட்டைப்போல் இரு மடங்கு அதில் கிடைக்கிறது. பிராசஸரும் சும்மா இருக்கிறது.

டிவிடி எழுதும் டிரைவ் அப்படிக் காட்டினால் கதை வேறு. மல்டிவேர்டில் சிஆர்சி சரிபார்ப்பு கிடையாது. அதாவது கேபிளில் தரவு கெட்டாலும் அது பிழையாகப் பதிவாகாது. மறுதொடக்கம் செய்த உடனே நடப்பு முறை என்னவென்று பாருங்கள். தொடக்கத்திலிருந்தே மல்டிவேர்டுதான் என்றால் பயோஸில் அந்தச் சேனலின் அல்ட்ரா டிஎம்ஏ அமைப்பைத் திறந்துவிடுங்கள். முதலில் அல்ட்ரா 2 என்று காட்டி, ஒரு டிவிடியைப் படித்த பிறகு மல்டிவேர்டுக்கு இறங்கியிருந்தால், பிழைகள் இன்னும் வருகின்றன என்று பொருள்; அதை அப்படியே விட்டுவிட்டுப் படங்களைக் காப்பி செய்யத் தொடங்காதீர்கள். கேபிளை இன்னொரு முறை பாருங்கள், கறுப்பு முனையிலிருந்து தொடங்கி.